பழைய விரிசல் கறுத்திருக்கும்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் வரிசையாகப் புது வீடுகள் வந்திருக்கின்றன. அதில் ஒரு வீட்டில், கார் நிறுத்துகிற இடத்தில் முப்பத்தேழு வைஸ்கள் நிற்கின்றன. கார் கிடையாது. பட்டறை மேசையில் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்களே, இரண்டு தாடையும் நடுவில் ஒரு திருகுமாக, இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் சாமான், அந்த வைஸ்தான். அதைப் போய் ஒரு மனுஷன் சேர்த்து வைப்பானா என்றால், வைப்பான். அப்பாசாமி வைத்தார்.

முப்பத்து நாலு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனதும் கூட இருந்தவர்கள் மனை வாங்கினார்கள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள், பௌர்ணமிக்கு மலை சுற்றினார்கள். இவர் காயலாங்கடை காயலாங்கடையாகச் சுற்றினார். துருப்பிடித்த குப்பையிலிருந்து ஒரு வைஸைத் தூக்கிக்கொண்டு வருவார். வாஷிங் சோடா கரைத்த டிரம்மில் அதை முக்கி, பேட்டரி சார்ஜரின் ஒயரை மாட்டிவிட்டால் மறுநாளைக்குத் துரு கசடாக உதிர்ந்து கிடக்கும். பிறகு பெயிண்ட். நம் ஊர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு வைஸைக் கழுவி மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தோலாக ஏறிக்கொண்டே போகும். பச்சை, சிவப்பு, வெள்ளி, மறுபடி பச்சை. அத்தனையையும் அப்பாசாமி பொறுமையாக உரித்து, அடியில் வார்த்திருக்கும் எழுத்தைக் கண்டுபிடிப்பார். எந்த தேசம், எந்த வார்ப்படம், ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதே பைத்தியம் பிடித்த நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் இவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. எந்த வைஸ் வந்தாலும் முதலில் பின்பக்கம் கையை விட்டு உள்ளே இருக்கும் நட்டைத் தடவுவார். திருகு அதில்தான் ஏறி இறங்கும். நட்டின் மரை தேய்ந்திருந்தால் வைஸ் பிடிக்காது. "மூஞ்சிய அப்புறம் பாரு, மொதல்ல பல்லப் பாரு" என்பார். அடுத்து, சின்னச் சுத்தியால் தாடையில் ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்று பேசும், விரிசல் விட்டது டொக் என்று இருமும். கடைசியாக, கழற்றிய பாகம் எதையும் அழுக்கோடு பார்க்கமாட்டார். டீசலில் போட்டு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அழுக்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

வாய் மட்டும் சுத்தமில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆதிமூலம் என்ற விவசாயி ஒருவர், அண்ணன் தம்பி பாகத்தில் வந்த வைஸ் ஒன்றைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கி, தோளில் சுமந்துகொண்டு வந்தார். அப்பாசாமி ஒரு தட்டு தட்டினார். "இத தூக்கினு வந்ததுக்கு உன் மாமியாரத் தூக்கினு வந்து மலை சுத்தியிருந்தா புண்ணியமாவது கெடச்சிருக்கும். இது செத்துப்போயி பத்து வருஷம் ஆச்சு" என்றார். அந்த மனுஷனுக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சுமந்து வந்ததைச் சுமந்துகொண்டே போனார்.

இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவன் பொய் மட்டும் சொல்லமாட்டான் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. பட்டறைக்காரர்கள், காயலாங்கடைக்காரர்கள், எல்லோருக்கும். அப்பாசாமி நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது. ரஹமத்துன்னிசாவும் அதை நம்பித்தான் கூப்பிட்டார், பாவம்.

ரஹமத்துன்னிசாவின் வீட்டுக்காரர் நசீர் அகமது, தண்டராம்பட்டு ரோட்டில் லாரிப் பட்டா வேலை செய்துகொண்டிருந்தவர். பட்டா என்றால் லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் தகடு. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அந்தப் பட்டறையில் ஒரு வைஸ் இருந்தது. எட்டு அங்குலத் தாடை, அறுபது கிலோவுக்குக் குறையாது. நசீரின் தகப்பனார் ஏதோ மில் ஏலத்தில் எடுத்தது. ஆட்களின் சந்தோஷத்துக்காக நசீரும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்துவிடுவார். அத்தனை பெயிண்டுக்கு அடியிலும் குதிரைத் தலை ஒன்று புடைத்துக்கொண்டு நிற்பதை அப்பாசாமி அங்கே போன முதல் நாளே பார்த்துவிட்டார். அப்படி முத்திரை போட்ட வைஸ் அந்த நாற்பது பேரில் ஒருவரிடமும் கிடையாது. படத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

மில் வேலையில் இருந்த காலத்திலிருந்தே, இருபத்திரண்டு வருஷம் அதைக் கேட்டார். போகும்போதெல்லாம் அந்தத் தாடையை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் டீ குடிப்பார். நசீர் சிரிப்பார். "நான் மவுத் ஆனப்புறம் வந்து கேளுங்கண்ணா. அதுவரைக்கும் இது எனக்குச் சோறு போடணும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் நசீர் மவுத் ஆனார். அந்த வைஸில்தான். வளைந்த பட்டா ஒன்றை மாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கைப்பிடியை முறுக்கியது மகன் சாகில். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று. நசீர் சம்மட்டியால் இரண்டு போடு போட்டார். மூன்றாவதில் பட்டா தாடையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பி அவர் காதுக்குக் கீழே அடித்தது. ஆட்டோவில் மகன் மடியில் தலை வைத்துப் போகும்போது நினைவு இருந்தது. "நல்லா முறுக்கலியாடா?" என்று கேட்டார். அதற்கப்புறம் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அப்பன் கேட்டதையே தெருவும் கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் பிரியாணிக் கடை வாசலில் நின்று, புள்ள சரியா முறுக்கலையாம் என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

சாகில் பட்டறையைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டினான். சோற்றைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டான். அதைவிட, எதை மூடினாலும் இரண்டு தடவை முறுக்கினான். குழாயை அவன் மூடினால் வாஷர் நசுங்கிப்போகும். ஊறுகாய் பாட்டிலை அவன் மூடினால், திறந்து கொடுக்கச் சொல்லி ரஹமத்துன்னிசா பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பெற்ற தாய் இதையெல்லாம் நாலு வருஷம் பார்த்தார்.

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாசாமிக்குப் போன் வந்தது. போனார்.

"செங்கத்துலேந்து ஒருத்தர் வந்து வைஸ கேட்டுனே இருக்காருண்ணா" என்றார் ரஹமத்துன்னிசா. "எனக்குக் குடுக்க மனசில்ல. என்னைக்காச்சும் என் புள்ள திரும்பப் பட்டறையத் தொறந்து அதுல கை வைப்பான்னு ஒரு நெனப்பு. நீங்க பாத்து, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வச்சிருப்பேன். இல்லன்னா வேணாம், போவட்டும்."

"பாத்தாப் போச்சு."

"டீ போட்டு எடுத்தார்றேன்" என்று அந்த அம்மா உள்ளே போனார்.

அப்பாசாமி வைஸின் முன்னால் நின்றார். நாலு வருஷத் தூசிக்கு அடியில் குதிரை அவரைப் பார்த்தது. சுத்தியை எடுத்து ஒரு தட்டு தட்டினார். ஆகா! கோயில் மணி மாதிரி கணீரென்றது. அவர் உடம்பு சிலிர்த்துப்போனது. நல்லாருக்கு என்று சொன்னால் இது இங்கேயே கிடந்து இன்னும் பத்துத் தோல் பெயிண்ட் தின்னும். அதை நினைக்க அவருக்குப் பொறுக்கவில்லை.

நட்டைத் தடவவில்லை. இத்தனை வருஷத்தில் நட்டைத் தடவாமல் விட்ட ஒரே வைஸ் அதுதான். இருபத்தாறு வருஷமாக மனசுக்குள் பூஜை செய்ததைப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்?

தாடையின் உள்பக்கம் தகடு ஒன்று இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அந்த ஸ்க்ரூ இரண்டையும் கழன்று விழாத அளவுக்குத் தளர்த்திவிட்டால், விரிசல் இல்லாத வைஸும் விரிசல் விட்டது போலவே இருமும். விலையைக் குறைக்கக் காயலாங்கடைக்காரர்கள் செய்கிற வேலை. அதைச் செய்கிறவர்களை அப்பாசாமி நாய்கள் என்று திட்டுவார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மேலே இருந்த பெயிண்டை நுனியால் சுரண்டினார். துருவேறியிருந்தால் அசைந்திருக்காது. நசீர் ஒழுங்கான வேலைக்காரர், கிரீஸ் வைத்துப் பூட்டியிருந்தார். இரண்டும் வெண்ணெய் மாதிரி திரும்பின.

டீ வந்தது.

"கேளும்மா" என்று சுத்தியால் தட்டினார். டொக்.

ரஹமத்துன்னிசாவின் முகம் சுருங்கியது. "ஒடஞ்சிருக்காண்ணா?"

"உள்ளுக்குள்ள விரிசல். இதோ பாரு கோடு." நாற்பது தோல் பெயிண்டில் எங்கேதான் கோடு இருக்காது? ஒன்றை நகத்தால் காட்டினார். "இது இனிமே ஆவாது. காயலாங்கடைக்காரன் ஏமாத்துவான். வெள்ளிக்கிழமை நானே குட்டியானை வண்டி எடுத்துனு வந்து, அவன் தர்றதுக்கு மேலயே போட்டுக் குடுத்துட்டு எடுத்துனு போறேன்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். அந்த அம்மா, "எப்பலேந்துண்ணா ஒடஞ்சிருக்கும்?" என்று கேட்டார். பொய்க்குக் கொஞ்சம் கனம் சேர்க்க வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, நிபுணர் பேசினார்.

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

ரஹமத்துன்னிசாவின் கை வாய்க்குப் போனது. கையில் இருந்த டீ டம்ளர் சாய்ந்து புடவையில் கொட்டியது, சுட்டதுகூடத் தெரியவில்லை. "அப்பன்னா அன்னிக்கே ஒடஞ்சிதான் இருந்துச்சா? அண்ணா, அப்ப என் புள்ள மேல தப்பில்லையா?"

அந்தக் கணத்தில் அப்பாசாமிக்குப் புரிந்தது, தான் எதைத் தொட்டுவிட்டோம் என்று. இல்லம்மா, இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஸ்க்ரூவைத் திருப்பி முறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் குதிரை போய்விடுமே.

"புள்ள என்னம்மா பண்ணுவான்" என்றார். "எவ்வளவு முறுக்கினாலும் வைஸ் விட்டிருக்கும்."

அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பாசாமி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார். ஒரு பொய்தான். ஆனால் ஒரு பையனுக்குப் பாரம் இறங்குகிறது, தாய்க்கு நிம்மதி, தனக்கு வைஸ். யாருக்கு என்ன நஷ்டம்? திருட்டுப் பயலுக்குப் புண்ணியமும் சேர்ந்து வேண்டியிருந்தது.

மறுநாள் காலையிலேயே சாகில் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"மாமா, அம்மா சொல்லிச்சு. உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."

அப்பாசாமி சொன்னார். சொன்னதோடு நில்லாமல் மூலையிலிருந்து உடைந்த தாடை ஒன்றை எடுத்துவந்தார். யாராவது கேட்டால் விளக்காமல் அவரால் இருக்க முடியாது. "இங்க பாரு. இந்த ஓரம் கறுப்பா இருக்கு இல்ல? இது பழைய விரிசல். எண்ணெயும் அழுக்கும் உள்ள எறங்கி வருஷக்கணக்கா ஊறிக் கறுத்துப்போவும். இந்தப் பக்கம் வெளுப்பா, சர்க்கரை மாதிரி மினுக்குது பாரு, இது புதுசா ஒடஞ்சது. பழசுன்னா கறுத்திருக்கும், புதுசுன்னா பளபளன்னு இருக்கும். இரும்பு பொய் சொல்லாது."

சாகில் அந்தக் கறுப்பு ஓரத்தை விரலால் தடவினான். "அத்தா ஆட்டோல என்னியே பாத்துனு வந்தாரு மாமா. நாலு வருஷமா அந்தக் கண்ணு என்னை விடல." விசும்பினான். அப்பாசாமியின் மனைவி சந்திரகலா அவனை உள்ளே கூட்டிப்போய் இட்லி வைத்தார். ஏழு இட்லி சாப்பிட்டான். அவர்களுக்கு எதிரே, முகத்தைப் பார்த்து உட்கார்ந்து.

அவன் போனதும் சந்திரகலா புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆயி முப்பத்தெட்டு வருஷத்துல, நீங்க ஒருத்தருக்கு நல்ல வார்த்தை சொல்லி இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாகில் முடி வெட்டிக்கொண்டான். குளித்துவிட்டு வந்தவன் குழாயைச் சரியாக மூடவில்லை. சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. ரஹமத்துன்னிசா அதை மூடாமல் கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் அடுப்படியில் நின்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாகில் பள்ளிவாசலிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டான். எல்லோரும் அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்கள். நாலு பேர் சேர்ந்து வைஸைக் கழற்றிப் பட்டறை வாசலில் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள்.

"அப்பாசாமி மாமா சொல்லிட்டாரு. இது ஏழெட்டு வருஷமா உள்ள ஒடஞ்சி கெடந்துச்சாம்" என்றான் சாகில். "நீங்கள்லாம் நான்தான் முறுக்கலன்னு சொன்னீங்க. இப்ப ஒடைக்கறேன். உள்ள கறுப்பா இருக்கும். உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க."

அப்பன் பிடித்த சம்மட்டியைத்தான் எடுத்தான்.

அந்நேரத்துக்கு அப்பாசாமி குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பழைய போர்வை ஒன்றை வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வழியில் வைஸ் உரசிவிடக் கூடாதே, அதற்காக. தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. கணீர்! முதல் அடியிலேயே தளர்ந்திருந்த தகடு தெறித்து விழுந்துவிட, வைஸ் தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்திருந்தது. கணீர். ஊரில் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "நிறுத்து, நிறுத்து" என்று ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, செருப்பு ஒரு பக்கம் கழல, கத்திக்கொண்டே ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதாவது அடி விழுந்தது. வைஸ் மூன்று துண்டாகப் போனது.

சாகில் சம்மட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஒரு துண்டைத் தூக்கி உடைந்த முகத்தைப் பார்த்தான். வெளுப்பாக, சர்க்கரை மாதிரி மினுக்கியது. அடுத்த துண்டைத் திருப்பினான். அதுவும் அப்படித்தான். மூன்றாவது. திரும்ப முதல் துண்டு. சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று மெல்ல நழுவினார்.

"மாமா, கறுப்பு எங்க?" என்று கேட்டான் சாகில்.

அப்பாசாமியின் கண் என்னவோ முதலில் குதிரைத் தலையைத்தான் தேடியது. அது இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிறகுதான் பையனைப் பார்த்தார். "சில வார்ப்புல... கறுக்காது தம்பி" என்றார்.

ரஹமத்துன்னிசா தெறித்து விழுந்த தகட்டைக் கையில் எடுத்திருந்தார். ஸ்க்ரூ இரண்டும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் தலையில் மட்டும் பெயிண்ட் சுரண்டியிருந்தது, புதுசாக. அந்த அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைக் கையால் உருவி எடுத்தார். நேராக வந்து அப்பாசாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"டீ போட உள்ள போனேனே, அப்பவாண்ணா?"

சாகில் எழுந்து வந்து அந்த ஸ்க்ரூவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பட்டறைக்காரன் மகன், புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப வைஸ் நல்ல வைஸ்தான்" என்றான். "நான்தான் முறுக்கல."

"இல்லடா கண்ணு..." என்று ரஹமத்துன்னிசா அவன் கையைப் பிடித்தார். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான். மூன்று துண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குட்டியானையில் வைத்தான். திருகையும் தகட்டையும்கூட விடவில்லை. போர்வையை விரித்து மேலே போர்த்தினான். "எடுத்துனு போங்க மாமா. உங்களுக்குன்னுதானே கேட்டீங்க."

அப்பாசாமி எடுத்துக்கொண்டுதான் போனார். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

இரண்டு நாள் அந்தத் துண்டுகளின் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் போர்வையை விலக்கினார். பித்தளை வைத்துப் பற்றவைத்தால் ஒட்டுமா என்று ஒரு சபலம். வழக்கப்படி எல்லாவற்றையும் கழற்றினார். உடம்புத் துண்டுக்குள் இருந்த நட்டு கெட்டிக் கிரீஸில் கறுகறுவென்று புதைந்திருந்தது. வழக்கப்படி டீசலில் போட்டார். வழக்கப்படி கம்பி பிரஷ்ஷால் உள்ளேயும் வெளியேயும் தேய்த்து, துணியால் துடைத்து, தங்கம் மாதிரி ஆக்கினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

மரை இல்லை. கத்தி முனையாகத் தேய்ந்த மரையில் ஒரு வரிசை மொத்தமாகச் சிரைத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இரண்டே சுற்று. கையால் லேசாக முறுக்கினால் பிடிக்கும். சம்மட்டி அடி விழுந்தால், யானை வந்து முறுக்கியிருந்தாலும் விட்டுவிடும்.

நசீர் செத்த அன்றைக்கு விட்டது இதுதான். சாகில் முறுக்கினது சரி. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை.

அப்பாசாமி நட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பின்பக்கம் கையை விட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். ஊரிலுள்ள தகரத்தையெல்லாம் தடவின கை. நிஜத்தையே சொல்லி, அந்த அம்மாவுக்கு அதே சந்தோஷத்தைக் கொடுத்திருக்கலாம். வைஸையும் முழுசாக வாங்கியிருக்கலாம். தூ, என்று தன்னையே துப்பிக்கொண்டார். பிறகு நட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினார். சட்டைப் பொத்தான்கூடப் போடவில்லை.

ரஹமத்துன்னிசா வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. "இன்னைக்கு என்ன எடுத்துனு வந்திருக்கீங்க?" என்றார்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் பண்ணது பாவம். செருப்பால அடி, வாங்கிக்கறேன். ஆனா இது நெஜம். வைஸோட நட்டு. மரை போயிருக்கு. பாய் போனது இதனாலதான். சாகில் மேல சத்தியமா தப்பில்ல. மலை மேல சத்தியமா சொல்றேன்மா."

உள்ளே சாகில் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தக் குரல் கேட்டும் திரும்பவில்லை. கடைசிக் கவளம் வரை நிதானமாகச் சாப்பிட்டு, முற்றத்துக் குழாயில் கை கழுவி, குழாயை மூடினான். இன்னொரு தடவை முறுக்கினான். பிறகு வந்து நட்டை வாங்கிப் பார்த்தான். ரஹமத்துன்னிசா மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பேன்டா, இந்த ஒரு தடவை நம்பிவிடேன் என்று அந்த முகம் கெஞ்சியது.

அவன் விரலை உள்ளே விட்டுத் தடவினான். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். பளபளவென்று மின்னியது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி போன மரை மாமா இது?"

"ஆமாம்பா."

"பழசுன்னா கறுத்திருக்கும், புதுசுன்னா பளபளன்னு இருக்கும். நீங்கதானே சொன்னீங்க?"

"நான் கழுவிட்டேன் தம்பி" என்றார் அப்பாசாமி. "டீசல்ல போட்டு... நான் எப்பவும் கழுவித்தான்..." சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் மாதிரி கேட்டது.

சாகில் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நட்டைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றி அவர் கையில் வைத்தான்.

"எவ்ளோ நேரம் மாமா அரம் போட்டீங்க, இத இப்படித் தேய்க்க?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.